விமானத் திடலில் உடைந்த தடியங்காய்

செம்பூர் பூங்காவில் தினமும் காலையில் மூட்டுவலியோடு நடக்கிற நம் கூட்டத்துக்குத்தான் இதைச் சொல்கிறேன். நேற்று உங்களில் ஒருவர், "கார் ரேஸெல்லாம் இந்தியாவுக்கு இப்போதானே வந்தது" என்று அடித்துப் பேசினார். நான் பதில் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் காப்பி இருக்கிறது. கேளுங்கள்.

நாம் பாவாடையும் அரை டிராயருமாகத் திரிந்த அறுபதுகளில் நம் பம்பாயிலேயே கார் பந்தயம் நடந்தது, ஜூஹூ விமானத் திடலில். சின்ன விமானங்கள் இறங்குகிற இடம் அது. பந்தய ஞாயிறன்று மட்டும் விமானங்களுக்கு லீவு. ஓடுபாதையில் தார் டிரம்களை வரிசையாக நிறுத்தி, வளைவுகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, ஜனங்கள் உள்ளே வராமல் கயிறு கட்டிவிட்டால் பாதை தயார். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு துரும்பு கிடக்காது. மறுபடியும் விமானம் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பாதையில் எங்கள் வீட்டுக் கார் ஓடியிருக்கிறது. சிரிக்காதீர்கள், ஓடியது.

எங்கள் வீடு அப்போது தாராவியில். வீடு என்றால் அப்பாவின் மளிகைக்கடைக்குப் பின்னால் இருந்த ஒரே அறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எல்லோருக்கும் அப்பா 'அண்ணாச்சி'. சித்தப்பா அவருடைய ஒரே தம்பி, வயதில் ரொம்ப இளையவர். தாயும் தகப்பனும் போன பிறகு, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த தம்பியைக் கையில் பிடித்து ரயிலேற்றிக் கூட்டி வந்தவர் அப்பா. தம்பி வளர்ந்து கடையில் தராசு பிடிப்பான் என்று அவர் நினைத்தார். தம்பி வளர்ந்து வடாலாவில் ஒரு மோட்டார் கேரேஜில் போய் ஸ்பானர் பிடித்தார்.

கடையை ஒட்டி ஒரு தகர ஷெட் இருந்தது. சரக்கு வைக்கிற கிட்டங்கி. பாதி ஷெட்டில் மிளகாய் வற்றல் மூட்டையும் வெல்ல மூட்டையும், மறு பாதியில் சித்தப்பாவின் கார். மாட்டுங்கா பக்கம் ஒரு பார்சிக்காரர் விளக்குத் தூணில் மோதி நொறுக்கிவிட்டு, "தூக்கிக்கொண்டு போ" என்று கொடுத்த சின்னச் சீமைக் கார் அது. சித்தப்பா கூரையை அறுத்துப் போட்டார், மட்கார்டுகளைக் கழற்றினார், கதவுகளையும் கழற்றினார். பார்க்க இறகு பிடுங்கிய கோழி மாதிரி இருக்கும். அதற்கு வெள்ளை பெயின்ட் வேறு. இன்ஜினைக் கிளப்பினால் அதன் காற்றாடி வற்றல் தூளை வாரித் தெருவில் இறைக்கும். சந்து முழுக்கத் தும்மும். "கார் ஓடுது போல" என்று தும்மிக்கொண்டே சொல்வார்கள்.

உட்கார ஆசனம் தைத்துக் கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் தோல் பட்டறை வைத்திருந்த பாய். அவர் எங்கள் ஊர்ப் பக்கத்து மேலப்பாளையத்துக்காரர், அதனால் எங்களுக்கு உறவு மாதிரி. சித்தப்பா அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். பெட்டி தைத்து மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு, ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு, முதுகுக்குப் பழுப்பு என்று தைத்திருந்தார். புதுத் தோலின் வாடையும் வெல்லத்தின் வாடையும் கலந்து வரும் பாருங்கள், அப்படி ஒரு வாடையை அதற்குப் பிறகு நான் எங்கேயும் முகரவில்லை. அந்த ஆசனம் எங்கே போனதென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருஷம் மழை விட்ட கையோடு கடையில் விளக்கெண்ணெய் டின் டின்னாகக் காணாமல் போக ஆரம்பித்தது. ஒருநாள் தம்பியே ஒரு டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கம் நழுவுவதை அப்பா பார்த்துவிட்டார். நேரே அம்மாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளைக்கு வயிறு சரியில்ல போல. சொல்லக் கூச்சப்படுதான். நீ கொஞ்சம் கீரையா ஆக்கிப் போடு."

பிறகென்ன, எங்கள் வீட்டில் காலையும் மாலையும் கீரை. முளைக்கீரை, பாலக், மேத்தி, மார்க்கெட்டில் கிடைத்த எல்லாக் கீரையும். சித்தப்பா ஒரு வார்த்தை பேசாமல் தின்றார். நானும் தின்ன வேண்டியிருந்தது, அதுதான் என் வயிற்றெரிச்சல். பந்தயக் கார் இன்ஜினுக்கு அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய் ஊற்றுகிற வழக்கம் இருந்தது. பெரிய இடத்துப் பிள்ளைகள் அதற்கென்றே சீமையிலிருந்து டின் வரவழைத்தார்கள். சித்தப்பாவுக்கு அண்ணன் கடை இருந்தது. இன்ஜின் சூடேறியதும் ஷெட்டிலிருந்து வருகிற வாடையில் எனக்கு வயிற்றைக் கலக்கும். நம் வாயைப் பிளந்து ஊற்றிய எண்ணெயல்லவா, மறக்குமா?

அந்த வாடைதான் ஒருநாள் அப்பாவின் மூக்குக்கும் போய்ச் சேர்ந்தது. ஷெட் வாசலில் நின்று, "ஏல, நான் உனக்கு வயித்துக்கு ஆகலன்னு சாமிக்கு வேண்டிக்கிட்டுக் கெடக்கேன், நீ இந்தச் சவத்துக்கா ஊத்துத?" என்று கத்தினார். எண்ணெய் போனதில் அவருக்கு வருத்தமில்லை. தான் கவலைப்பட்டது வீணாய்ப் போனதே என்றுதான் கோபம்.

அன்றைக்குத்தான் பேச்சு முற்றியது. செம்பூரில் இரண்டாவது கடை திறக்கப் போவதாகவும், அதில் சித்தப்பாதான் உட்கார வேண்டும் என்றும், ஷெட் முழுவதும் தனக்குச் சரக்குப் போட வேண்டும் என்றும் அப்பா சொன்னார். ஷெட் போனால் கார் போச்சு. கார் மட்டுமா, அங்கே சொந்தமாக ஒரு கேரேஜ் வைக்க வேண்டும் என்ற சித்தப்பாவின் நினைப்பும் போச்சு.

"கடைல உக்கார மாட்டேண்ணே. எனக்கு அது வராது."

"வண்டி வருமோ? அங்கன போயி முட்டிச் செத்துத் தொலைச்சன்னா நான் ஆருக்குல பதில் சொல்லுவேன்?"

அப்போது எனக்கு அப்பா பெரிய கல்நெஞ்சர் என்று தோன்றியது. இன்று என் பேரன் பைக் சாவியைக் கையில் எடுத்தாலே நான் வாசலில் போய் நின்றுகொள்கிறேன். அப்பாவுக்கு அந்த ஷெட் தேவையே இல்லை. பயந்துபோயிருந்தார், பாவம். பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது அவருக்கு. உங்கள் அப்பாக்கள் மட்டும் வேறு மாதிரியா?

பாய்தான் நடுவில் புகுந்தார். "அண்ணாச்சி, ஒத்த ஓட்டம் ஓடிப் பாக்கட்டுமே. சரிப்படலன்னா நானே காதப் பிடிச்சுக் கொண்டாந்து ஒங்க கடைல ஒக்கார வைக்கேன்."

அப்பா பாயையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. ஜெயிக்கவெல்லாம் வேண்டாம். போன வண்டி முழுசாச் சுத்தி வந்து கடேசிக் கோட்டத் தாண்டட்டும். தாண்டுனா ஷெட்டு உனக்கு. தாண்டலன்னா மறுநாள் காலைல கடைக்கு வந்துரணும். பேச்சு மாறப்பிடாது."

"மாற மாட்டேண்ணே" என்றார் சித்தப்பா. அம்மாவிடம் மட்டும் அப்பா ரகசியமாகச் சொன்னார்: "அது பாதிலேயே நின்னு போவும். அதும் நல்லதுக்குத்தான்."

பந்தய நாளன்று விடிகிற நேரத்திலேயே சித்தப்பா காரை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னால் பெட்ரோல் டாங்கின் மேல் பாய் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா வர மாட்டார் என்றுதான் நானும் அம்மாவும் நினைத்தோம். அவர் ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்து நாங்கள் பார்த்ததே இல்லை. அன்று அடைத்தார். ஒரு சாக்குப் பையை என் கையில் கொடுத்து, "ஏட்டி, இதக் கீழ வைக்கப்பிடாது, மடியிலேயே வச்சுக்கோ" என்றார். மாஹிமில் லோகல் ரயிலேறி, சாந்தாகுரூஸில் இறங்கி, பஸ் பிடித்துத் திடலுக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் பாரத்தைச் சுமந்தேன். உள்ளே ஏதோ தின்பண்டம் என்று நம்பியதால் பொறுத்துக்கொண்டேன்.

திடலில் அப்படி ஒரு கூட்டம்! கறுப்புக் கண்ணாடி போட்ட சீமாட்டிகள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு சிங் சோடா விற்றுக்கொண்டு போனார். கடல் காற்று ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் யாரோ பேசியதைப் பாதி பாதியாகத் தூக்கிக்கொண்டு போனது. எங்கள் மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது கிளம்புகிற கோட்டுக்கு வெகு தூரத்தில், ஒரு வளைவில்தான். அங்கிருந்து பார்த்தால் சித்தப்பாவின் கார் வெள்ளையாகச் சோப்புத் துண்டு அளவுக்குத் தெரிந்தது.

முதலில் வேறொரு ஓட்டம் நடந்தது. அதில் ஒரு கார் எங்கள் வளைவில்தான் வழுக்கி டிரம்மில் போய் இடித்தது. டிரம் உருண்டது. ஓட்டியவர் இறங்கி, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவின் முகம் மட்டும் சுண்டிப்போயிற்று.

"இந்த முக்கு சரியில்ல. காவு கேக்குத முக்கு இது" என்றார். என்னிடமிருந்து பையை வாங்கினார்.

உள்ளேயிருந்து வெளியே வந்தது ஒரு தடியங்காய். வெள்ளைப் பூசணியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். தலையைச் சீவி, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, மூடி போட்டு, கடையில் அமாவாசைக்கு உடைப்பதுபோல் எல்லாம் தயாராகக் கொண்டு வந்திருக்கிறார்! தின்பண்டம் போன துக்கத்தில் எனக்கு அழுகை வந்தது. அப்பா அதன் தலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தப் பார்த்தார். ஜூஹூ காற்றில் எங்கே எரியும்? "முந்தானையப் பிடிட்டி" என்று அம்மாவை அதட்டினார். அம்மா முந்தானையை விரித்து மறைக்க, தீப்பெட்டியில் பாதி காலியான பிறகு சூடம் ஒரு கண் சிமிட்டியது. அது போதும் அவருக்கு. கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். வளைவின் நட்ட நடுவில் நின்று, தூரத்தில் தெரிந்த வெள்ளைக் காரைப் பார்த்துத் தடியங்காயை மூன்று சுற்றுச் சுற்றி, ஓங்கித் தரையில் போட்டு உடைத்தார்.

சிவப்பாகச் சிதறியது. பின்னால் ஒரு சீமாட்டி ரத்தமென்று நினைத்து வீறிட்டாள். அந்த வளைவுக்குப் பொறுப்பாகக் கொடி பிடித்து நின்ற ஆள், "அரே, யே க்யா கியா!" என்ன காரியம் செய்தாய் என்று தலையிலடித்துக்கொண்டு ஓடி வந்தார். துண்டுகளைக் காலால் உதைத்து ஒதுக்கினார். கொஞ்சம் வைக்கோலை உருவித் துடைக்கக் குனிந்தார். அதற்குள் தூரத்தில் இன்ஜின்கள் உறும ஆரம்பித்துவிட்டன. அவர் தன் இடத்துக்கு ஓட, அப்பா கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து, குங்குமக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "இனி ஒரு கொறையும் வராது" என்றார்.

முன்னால் வந்த பெரிய கார்கள் மிச்சமிருந்த சதையையெல்லாம் நசுக்கித் தாரில் தேய்த்துவிட்டுப் போயின. ஒன்றிரண்டு லேசாக ஆடின. கடைசியில் வந்தது எங்கள் கோழி. சித்தப்பா வளைவில் திருப்பினார். கார் திரும்பவில்லை. வழுவழுவென்று அப்படியே போய், தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாக வைக்கோல் கட்டுகளுக்குள் புகுந்து நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது. வைக்கோல் தூசிதான் பறந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

"அட பாவி மனுஷா!" என்றாள் அம்மா. "திருஷ்டியக் கழிச்சியளா, இல்ல தம்பியக் கழிக்கப் பாத்தியளா?"

அப்பா அதைக் கேட்க அங்கே இல்லை. கயிற்றைத் தாண்டிவிட்டார். "ஐயோ எம் பிள்ள, எம் பிள்ள" என்று கத்திக்கொண்டு ஓடினார். தம்பி என்று சொல்லவில்லை, பிள்ளை என்றார். நானும் பின்னாலேயே ஓடினேன். என்னை யார் தடுப்பது?

சித்தப்பா தலையெல்லாம் வைக்கோலாக எழுந்து நின்றார். ஒரு கீறல் இல்லை. "ஒண்ணுமில்லண்ணே. நீங்க எதுக்கு வந்திய? போங்க அங்கிட்டு" என்று கையை ஆட்டினார். ஆசனத்தில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தார். இருமியது, கிளம்பவில்லை. மறுபடியும் இருமியது. ஊரிலிருந்து வந்த சரக்கு லாரி நின்றுபோனால் நம் கடைத்தெருவில் என்ன செய்வோம்? கேட்காமலே ஆளுக்கொரு பக்கம் கை கொடுப்போம். அப்பாவும் அதைத்தான் செய்தார். காரின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார்.

"ஹாத் மத் லகாவ்! கோயி ஹாத் மத் லகாவ்!" என்று கொடிக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். "அண்ணே, கை வைக்காதிய! கை வைக்கப்பிடாது!" என்று சித்தப்பாவும் கத்தினார்.

அப்பா தன் சிவந்த கைகளைப் பார்த்தார். புது வெள்ளைப் பெயின்டில் குங்குமம் ஒட்டுகிறதே என்று தம்பி பதறுவதாக நினைத்துக்கொண்டார். "அத வீட்ல போயிக் கழுவிக்கிடலாம்ல! நீ கியரப் போடு!" என்று சொல்லிக்கொண்டே முக்கித் தள்ளினார். கார் நகர்ந்தது, உதறியது, ஒரு வெடி வெடித்துக் கிளம்பியது. கரும்புகையில் அப்பாவின் வேட்டி கறுத்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் தீபாவளிக்குக்கூடக் கண்டதில்லை.

பிறகு சித்தப்பா ஓட்டினார் பாருங்கள்! ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கள் வளைவில் வெளிப்பக்கமாக ஒதுங்கி, மெதுவாக, அழகாகத் திருப்பினார். எல்லோருக்கும் கடைசிதான். ஆனாலும் நிற்கவில்லை. பாதியிலேயே நின்று போகும் என்று சொன்ன மனிதர், "நிக்காத, நிக்காத" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்றில் அப்பா கயிற்றை ஒட்டிக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முடிகிற கோடுவரை ஓடினார். கட்டம்போட்ட கொடியின் கீழே, பின்பக்கம் இரண்டு குங்குமக் கைகளோடு, எங்கள் கார் கோட்டைத் தாண்டியது. அப்பா பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஆனால் ஒலிபெருக்கியில் நம்பர்களை வாசித்தபோது சித்தப்பாவின் நம்பர் வரவில்லை.

"என்னல சொல்லுதான்?" என்றார் அப்பா.

சித்தப்பா பந்தயத்துக்குப் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பாய்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். வெளியாள் யாராவது வண்டியில் கை வைத்துத் தள்ளினால் அந்த வண்டி ஓடியது கணக்கில் சேராதாம். ஓடாத மாதிரிதானாம்.

அப்பா ஒருமுறை கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, கூடாரத்தில் வெள்ளைத் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்த பந்தய அதிகாரியிடம் போனார். கடை ஹிந்தி அவருடையது, அதில் பருப்பு விற்கலாம், வாதாட முடியாது. ஆனாலும் வாதாடினார்.

"சாப், தக்கா ஹம் மாரா. வோ போலா, மத் மாரோ. ஹம் சுனா நை. ஹமாரா கல்த்தி சாப், உஸ்கா நை." தள்ளியது நான், அவன் வேண்டாமென்றுதான் சொன்னான், தப்பு என்னுடையது என்கிறார்! தம்பி தோற்றால் நல்லது என்று நினைத்த அதே மனிதர், தம்பி கோட்டைத் தாண்டியதாக எழுதச் சொல்லி வெயிலில் நின்று கெஞ்சினார். தொப்பிக்காரர் நல்ல மனிதர்தான். பொறுமையாகக் கேட்டார். "காய் உடைத்ததும் நீர்தானா?" என்று கேட்டார். அப்பா ஆமாம் என்று தலையாட்டியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த தடவை வந்தால் அதை வீட்டிலேயே உடைத்துவிட்டு வாரும் என்றார். ஆனால் நம்பரைச் சேர்க்கவில்லை. சட்டம் சட்டம்தான் என்றுவிட்டார்.

திரும்பி வந்த அப்பாவிடம் சித்தப்பா சொன்னார்: "விடுங்கண்ணே. கோட்டத் தாண்டலன்னா தாண்டலதான். நான் பேச்சு மாற மாட்டேன். நாளைக்குக் காலைல கடைக்கு வாரேன்."

ரயிலில் அம்மா கொடுத்த புளிச்சோற்றை அப்பா தொடவில்லை.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தேன். சித்தப்பா குளித்து, தலைவாரி, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகக் கடைக்குள் நுழைந்தார். கேரேஜ் கிரீஸ் நகக்கண்ணில் மட்டும் மிச்சம் இருந்தது. நேரே தராசுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். யாரோ அரைக்கிலோ உளுந்து கேட்டார்கள். சித்தப்பா படிக்கல்லைத் தேடினார். அது எங்கே இருக்கும் என்றே அவருக்குத் தெரியவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்த் தராசை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"எந்திரில. உன்ன ஆரு இங்க வரச் சொன்னா?"

"நீங்கதானண்ணே. பேச்சு..."

"பேச்சு உனக்கும் எனக்கும். அந்தத் தொப்பிக்காரனுக்கு இதுல என்ன சோலி? அவன் எழுதுனா எழுதுதான், எழுதாட்டிப் போறான். நீ கோட்டத் தாண்டுனத எங் கண்ணால பாத்தேன்." அப்பா உளுந்துக்கு வந்தவரைப் பார்த்துக்கொண்டே, மடியிலிருந்து ஷெட் சாவியை எடுத்துப் பலகையில் வைத்தார். "செம்பூர்க் கடைக்கு ஆளு கிடைக்காமலா போவும்? நீ போ. போயி உன் சோலியப் பாரு."

சித்தப்பா சாவியை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பலகையைத் தாண்டிக் குதித்து ஓடினார்.

"ஏல, சாப்பிட்டுட்டுப் போல!" என்று அப்பா பின்னாலேயே கத்தினார். சித்தப்பா காதில் விழவே இல்லை.